பனிக்களத்துச் சக்கரவர்த்திகள் – 7: முப்பத்துநான்கு விநாடி

இத்தொடரின் முந்தைய பகுதிகளைப் படித்து வந்த வாசகர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவிருக்கும். 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் நகரில் தொடங்கி 1952ஆம் ஆண்டு ஆஸ்லோ நகரம் வரையில் நடைபெற்ற ஏழு ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கிப் பந்தயங்களில் ஆறினைக் கனடா வென்றதும், அந்த வெற்றிகளுக்காகத் தன் தலைசிறந்த வீரர்களை அனுப்பவேண்டிய அவசியமே இல்லாமல், வின்னிபெக்கிலிருந்தோ எட்மண்டனிலிருந்தோ ஓர் அமெச்சூர் கழகத்தைக் கப்பலேற்றி அனுப்பினாலே போதுமென்று இருந்ததும் ஒன்று. 1954ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில், முதன்முதலாக உலகப் போட்டிக்கு வந்த சோவியத் குழு, வ்செவலோத் பொப்ரோவ் என்னும் வீரரின் தலைமையில், கனடாவின் சார்பில் வந்திருந்த ஈஸ்ட் யார்க் கழகத்தை 7-2 என்ற கணக்கில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்துச் சென்றது மற்றொன்று.

அதன் பிறகு சில ஆண்டுகள் பட்டம் கைமாறிக்கொண்டிருந்தது. ஆனால் 1963 முதல் 1971 வரையில், தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள், உலகச் சாம்பியன் பட்டம் மாஸ்கோவை விட்டு அகலவே இல்லை.

அப்படியானால் சர்வதேச ஐஸ் ஹாக்கியில் ஆதிக்கம் செலுத்தும் தேசம் எது? இந்த அத்தியாயம் அக்கேள்விக்கு இருபத்தேழு நாட்களில் கிடைத்த பதிலைச் சொல்லுகிறது.

* * *

இரண்டு சிம்மாசனங்கள்

ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற தேசத்தைப் பார்த்து, அது இந்த ஆட்டத்தின் சக்கரவர்த்தி அல்ல என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வருமா? கனடிய மக்கள் யாவருக்கும் அந்தத் துணிவு இருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அக்காலத்து உலகப் போட்டிகளிலும் ஒலிம்பிக் பந்தயங்களிலும் அமெச்சூர் வீரர்களுக்கு மட்டுமே இடம் உண்டு. கனடாவின் உத்தமமான வீரர்களோ, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் சம்பளம் வாங்கி ஆடுபவர்கள். அமெரிக்க நகரங்களின் பெயரைத் தாங்கிய குழுக்களில்கூட ஏறக்குறைய எல்லா வீரர்களும் கனடியர்களாகவே இருந்தார்கள். ஆகவே சோவியத் குழு வென்றதெல்லாம் கனடாவின் மாணவர்களையும் சிற்றூர்க் கழகங்களையும்தான் என்பது கனடிய வாதம்.

மாஸ்கோவின் மத்திய ராணுவக் கழகத்து வீரர்கள் பெயரளவில் ராணுவ உத்தியோகஸ்தர்கள். நடைமுறையிலோ, ஆண்டில் பதினொரு மாதம் ஹாக்கியைத் தவிர வேறு கடமை அறியாதவர்கள். எனினும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் அமெச்சூர்களாகவே கருதப்பட்டனர்.

இந்த அநீதியைக் களையும் நோக்கத்துடன், 1970ஆம் ஆண்டு தன் மண்ணில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்கு ஒன்பது தொழில்முறை வீரர்களைச் சேர்த்துக்கொள்ளக் கனடா அனுமதி பெற்றது. ஆனால் அவர்களோடு ஆடுபவர்கள் ஒலிம்பிக் தகுதியை இழக்க நேரிடும் என்று ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ் எச்சரித்ததும், சர்வதேச சம்மேளனம் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கனடா கோபத்துடன் போட்டியை நடத்தும் பொறுப்பையே உதறிவிட்டு, சர்வதேசப் பந்தயங்கள் அனைத்திலிருந்தும் விலகிக்கொண்டது. மாண்ட்ரீலிலும் வின்னிபெக்கிலும் நடக்கவேண்டிய போட்டி ஸ்டாக்ஹோமுக்கு மாறிற்று.

இவ்வாறு ஒரே ஆட்டத்திற்கு இரண்டு சிம்மாசனங்கள் ஏற்பட்டன. ஒவ்வொரு சக்கரவர்த்தியும் மற்றவர் இல்லாத களத்தில் தம் ஆதிக்கத்தைப் பிரகடனம் செய்துகொண்டிருந்தார். இருவரும் நேருக்கு நேர் நின்று பார்த்ததே இல்லை.

* * *

பிராகில் ஓர் உடன்படிக்கை

1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிராக் நகரில் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்த சமயத்தில், கனடிய ஹாக்கிச் சங்கத்தின் பிரதிநிதிகளும் சோவியத் அதிகாரிகளும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். செப்டம்பர் மாதத்தில் எட்டு ஆட்டங்கள்: நான்கு கனடாவில், நான்கு மாஸ்கோவில். இதில் பட்டமும் பதக்கமும் கிடையா. அமெச்சூர் என்ற நிபந்தனையும் கிடையாது. கனடா தன் தொழில்முறை வீரர்களைத் தாராளமாக இறக்கலாம்.

கனடாவில் எழுந்த உற்சாகத்திற்கு அளவில்லை. எட்டு ஆட்டத்திலும் கனடாவே வெல்லும் என்பது பத்திரிகைகளின் பொதுவான ஜோசியம். டொராண்டோவின் பிரபல விளையாட்டு எழுத்தாளர் ஒருவர், சோவியத் குழு ஓர் ஆட்டத்தை வென்றாலும் தாம் எழுதிய கட்டுரையை ரஷ்யர்களின் பீட்ரூட் சூப்பில் நனைத்துத் தின்பதாகச் சபதம் செய்தார். பின்னர் சொன்ன சொல் தவறாமல் தின்றும் காட்டினார்.

பயிற்சியாளர் ஹாரி சிண்டன் ஆகஸ்ட் மாதத்தில் முப்பத்தைந்து வீரர்களைக் கூட்டிப் பயிற்சி தொடங்கினார். களத்தில் இறங்காத இருவரின் பெயர்கள் பின்னால் வெகுவாக நினைக்கப்பட்டன. ஒருவர் பாபி ஓர், முழங்கால் சிகிச்சையிலிருந்து இன்னும் தேறாதவர். மற்றவர் பாபி ஹல், போட்டியாகத் தோன்றிய புதிய லீகில் ஒப்பந்தம் செய்துகொண்ட குற்றத்திற்காக விலக்கப்பட்டவர்.

இருந்தும் கவலைப்பட்டவர் யாருமில்லை. சோவியத் குழுவை உளவு பார்க்க மாஸ்கோ சென்றவர்கள், இருபது வயதே ஆன விளாடிஸ்லாவ் திரெத்யாக் என்னும் கோல்கீப்பர் ஓர் ஆட்டத்தில் கோல் மேல் கோல் விட்டதைக் கண்டு, அவன் பலவீனன் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்த இளைஞனுக்கு மறுநாள் கல்யாணம் என்ற செய்தி மட்டும் அவர்கள் குறிப்பில் இடம்பெறவில்லை.

* * *

மாண்ட்ரீல், செப்டம்பர் 2

மாண்ட்ரீல் நகரத்து ‘போரம்’ அரங்கில் அன்றிரவு தாங்கமுடியாத புழுக்கம். பிரதம மந்திரி பியேர் துருதோ சம்பிரதாயப்படி வட்டைக் களத்தில் இட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

அந்த வட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் கொண்ட கறுப்பு ரப்பர் வில்லை அது, ‘பக்’ என்பார்கள். இதன் பின்னால் பக்கத்துக்கு ஐந்து பேர், சறுக்குக் காலணியில் எந்த ஓட்டக்காரனும் எட்டமுடியாத வேகத்தில் பாய்கிறார்கள். ஆறாவது ஆள் கோலைக் காக்கிறார். ஒரு நிமிஷத்திற்குள் மூச்சு முட்டிப்போவதால், வீரர்கள் அணி அணியாக மாறிக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே இந்த ஆட்டத்தில் முதல் இருபது நிமிஷத்தின் வீரம் வேறு, கடைசி இருபது நிமிஷத்தின் வீரம் வேறு. அன்றிரவு நடந்ததன் ரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

முப்பதாவது விநாடியிலேயே பில் எஸ்பொசிட்டோ முதல் கோலைப் போட்டார். ஏழாவது நிமிஷத்திற்குள் பால் ஹெண்டர்சன் இரண்டாவதைப் போட்டார். அரங்கம் அதிர்ந்தது, எட்டுக்கு எட்டு என்ற ஜோசியம் பலித்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் எதிரே இருந்தவர்களின் முகத்தில் சலனமே இல்லை. சீமின் ஒரு கோலைத் திருப்பினார். பெத்ரோவ், தம் பக்கத்தில் ஓர் ஆள் பெனால்ட்டியில் குறைந்திருந்தபோதே, இன்னொன்றைப் போட்டுச் சமன் செய்தார். முதற்பகுதி முடிந்து அறைக்குள் சென்ற கனடிய வீரர்கள் வியர்வையில் நனைந்து பெருமூச்சு விட்டார்கள். அதற்குள்ளேயே அவர்களுடைய கால்கள் சொன்ன சேதி, மூளைக்கு எட்டத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் பகுதி வலேரி கார்லாமோவுக்கு உரியது. உருவத்தில் சிறியவரான அவர், கனடியத் தடுப்பு வீரர்களைத் தாண்டிச் சென்ற விதத்தை அந்த அரங்கம் அதற்குமுன் கண்டதில்லை. அடுத்தடுத்து இரண்டு கோல். மூன்றாம் பகுதியில் பாபி கிளார்க் ஒன்றைத் திருப்பிய போதிலும், கடைசி ஏழு நிமிஷத்திற்குள் மிகைலோவும், மறுபடி சீமினும், யாகுஷேவும் ஆளுக்கொன்று போட்டார்கள். முடிவு: சோவியத் 7, கனடா 3.

ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்குவதற்காகச் சோவியத் வீரர்கள் வரிசையில் நின்றபோது, கனடிய வீரர்களில் பெரும்பாலோர் அறைக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்த வழக்கம் தங்களுக்குத் தெரியாது என்று பின்னர் விளக்கம் சொல்லப்பட்டது.

* * *

தோல்வியின் காரணங்கள்

இந்தத் தோல்வியின் காரணங்களை ஆராய்ந்தால், அவை அந்த ஓர் இரவில் உண்டானவை அல்ல என்பது விளங்கும்.

கனடிய வீரர்கள் குளிர்காலம் முழுவதும் ஆடிவிட்டு, கோடையில் ஓய்வெடுத்து, செப்டம்பர் மாதத்துப் பயிற்சி முகாமில்தான் உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பரம்பரை வழக்கம். ஆகஸ்ட் மாதத்து மூன்று வாரப் பயிற்சி அவர்களுக்கு ஒரு தொடக்கமே ஆகும். சோவியத் வீரர்களுக்கோ கோடை என்பது ஓட்டமும் பளு தூக்குதலும் கால்பந்தும் நிறைந்த காலம். பனித்தரையில் காலை வைப்பதற்கு முன்பே பாதிப் பயிற்சி தரையில் முடிந்திருக்கும்.

இந்த முறையை வகுத்தவர் அனத்தோலி தராசோவ். ரஷ்யாவில் பனித்தரையின் மீது பந்தை வைத்து ஆடும் பழைய ஹாக்கி ஒன்று உண்டு. கனடிய முறையில் வட்டை வைத்து ஆடும் தேசியப் போட்டி அங்கே தொடங்கியது 1946ஆம் ஆண்டு டிசம்பரில்தான். கனடாவைப் பார்த்து அப்படியே பின்பற்றினால் என்றென்றும் இரண்டாம் ஸ்தானமே கிட்டும் என்று தெளிந்த தராசோவ், தனி வீரனின் சாகசத்தைக் காட்டிலும் ஐவரின் கூட்டுறவைப் பெரிதாக மதித்து, வட்டை ஒருவர் மட்டையிலிருந்து இன்னொருவர் மட்டைக்குத் தறியில் ஓடும் நாடாவைப் போல் ஓடச் செய்யும் ஒரு புதிய ஆட்டத்தை உருவாக்கினார்.

கனடியர் தொலைவிலிருந்தும் ஓங்கி அடிப்பார்கள்; எதிரியை உடலால் மோதிப் பலகையோரம் தள்ளுவார்கள். சோவியத் வீரர்களோ, கோல் நிச்சயம் என்று தோன்றுகிற வரையில் அடிக்கவே மாட்டார்கள். வழி அடைபட்டால் வட்டைப் பின்னால் கொண்டுபோய் மீண்டும் புதிதாகத் தொடங்குவார்கள். முன்னேறவேண்டிய ஆட்டத்தில் பின்வாங்குவதைக் கண்ட கனடிய ரசிகர்கள் முதலில் சிரித்தார்கள். ஆனால் அதுதான் அவர்களைத் தோற்கடித்தது.

விதியின் விசித்திரம், தராசோவ் அந்த நேரத்தில் குழுவின் பொறுப்பில் இல்லை. அவ்வாண்டு சப்போரோ ஒலிம்பிக் வெற்றிக்குப் பின் அவர் விலகிவிட்டார். அவருடைய ஸ்தானத்தில் நின்றவர், 1954ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நாம் சந்தித்த அதே பொப்ரோவ்.

* * *

வான்கூவரில் ஒலித்த கூச்சல்

சிண்டன் தம் குழுவைப் பெருமளவு மாற்றியமைத்தார். டொராண்டோவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தைக் கனடா 4-1 என்று வென்றது. வின்னிபெக்கில் 4-2 என்று முன்னணியில் இருந்தும் அதைக் காத்துக்கொள்ள இயலாமல் 4-4 என்ற சமநிலைக்கு இறங்கியது.

செப்டம்பர் 8ஆம் தேதி வான்கூவரில் நான்காவது ஆட்டம். தொடக்கத்திலேயே கனடா இரண்டு பெனால்ட்டி வாங்கிற்று. இரண்டிலும் மிகைலோவ் கோல் போட்டார். சோவியத் குழு 5-3 என்று வென்ற அந்த ஆட்டம் முடியுமுன்பே, சொந்த ஜனங்கள் சொந்த வீரர்களை நோக்கி ஏளனக் கூச்சல் எழுப்பினார்கள்.

அப்போது பனித்தரையின் மீதே, முகத்திலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட, பில் எஸ்பொசிட்டோ தொலைக்காட்சியின் முன் நின்றார். வழக்கமான உபசார வார்த்தைகளை அவர் சொல்லவில்லை. தாங்கள் இயன்ற மட்டும் பிரயத்தனம் செய்வதாகவும், எதிரி நல்ல குழு என்பதை மறுக்க முடியாதென்றும், தேசத்தின் மீதுள்ள அன்பினால் அன்றி வேறெதற்காகவும் இங்கே வரவில்லை என்றும், இந்தக் கூச்சல் தங்கள் மனத்தைப் புண்படுத்திவிட்டதென்றும், ஒரு குற்றவாளியைப் போலன்றி ஒரு குடிமகனாக, தேசத்தை நோக்கிப் பேசினார்.

இத்தொடரில் ஒரு திருப்புமுனையைச் சுட்டிக்காட்டச் சொன்னால், கோலாக முடிந்த எந்த அடியையும் நான் சுட்டமாட்டேன். இந்தச் சில நிமிஷப் பேச்சையே சுட்டுவேன். அதுவரையில் அவர்கள் லீகில் ஒருவரையொருவர் அடித்து மோதிய பகைவர்கள். மிச்சமிருந்த கோடையை இழந்து ஒரு கண்காட்சிக்கு வந்தவர்கள். அன்றிரவுதான் அவர்கள் ஒரு குழு ஆனார்கள்.

* * *

மாஸ்கோவில் ஒரு மலர்க்காம்பு

செப்டம்பர் 22. மாஸ்கோவின் லுஷ்னிக்கி அரங்கம். ஆட்டத்திற்கு முன் வீரர்களை அறிமுகம் செய்து, ஆளுக்கொரு மலர்க்கொத்து கொடுத்தார்கள். எஸ்பொசிட்டோவின் பெயரை அழைத்தபோது, தரையில் உதிர்ந்து கிடந்த ஒரு காம்பின் மீது அவருடைய சறுக்குக் காலணி ஏற, அவர் தடாலென்று மல்லாந்து விழுந்தார். அரங்கம் நகைத்தது. அவரோ கூச்சமின்றி எழுந்து, இடுப்பை வளைத்து ஒரு ராஜவணக்கம் செய்தார்.

மாஸ்கோவின் பனித்தரை, வட அமெரிக்கத் தரையைவிட நான்கு மீட்டர் அகலமானது. நெருக்கி மோதும் கனடிய ஆட்டத்திற்கு அது பாதகம். வளைந்து பாயும் சோவியத் ஆட்டத்திற்கு அது அனுகூலம். இருந்தும் இரண்டு பகுதி முடிவில் கனடா 3-0 என்று முன்னால் நின்றது. மூன்றாம் பகுதியில் 4-1 ஆயிற்று.

அதற்குப் பிறகு ஆறு நிமிஷத்திற்குள் நான்கு சோவியத் கோல்கள் விழுந்தன. முடிவு 5-4. இப்போது சோவியத் குழுவுக்கு மூன்று வெற்றி, கனடாவுக்கு ஒன்று, சமநிலை ஒன்று. மீதமுள்ள மூன்றையும் வென்றாலன்றிக் கனடாவுக்குக் கதியில்லை. ஆடவாய்ப்புக் கிட்டாத சில வீரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

ஆனால் அன்றிரவு தோற்ற குழு தலைகுனிந்து வெளியேறுகையில், கனடாவிலிருந்து வந்திருந்த சுமார் மூவாயிரம் ரசிகர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்து அவர்களை வழியனுப்பினார்கள். வான்கூவரின் கூச்சலுக்கு மாஸ்கோவில் பிராயச்சித்தம் நடந்தது.

* * *

ஒரு கணுக்காலின் கதை

ஆறாவது ஆட்டத்தைக் கனடா 3-2 என்று வென்றது. இரண்டாம் பகுதியில் ஒன்றரை நிமிஷத்திற்குள் மூன்று கோல், மூன்றாவது ஹெண்டர்சனுடையது. ஆனால் அந்த ஆட்டத்தில் நடந்த வேறொரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்வது சரித்திரத்திற்குச் செய்யும் துரோகமாகும்.

கார்லாமோவைத் தடுக்க வழி தெரியாமல் கனடியர் திணறிக்கொண்டிருந்தார்கள். அவர் வட்டுடன் பாய்ந்துகொண்டிருந்த ஒரு தருணத்தில், பின்னால் விரைந்து வந்த பாபி கிளார்க், தம் மட்டையை இரு கைகளாலும் ஓங்கிக் கார்லாமோவின் கணுக்காலில் அடித்தார். துணைப் பயிற்சியாளர் ஜான் பெர்குசனே இதற்குத் தம்மைத் தூண்டியதாகவும், பெர்குசன் அதை மறுக்கவில்லை என்பதாகவும் பின்னாளில் பதிவாயிற்று.

கார்லாமோவ் ஏழாவது ஆட்டத்தில் இறங்கவில்லை. எட்டாவதில் காயத்துடன் இறங்கினார். பழைய கார்லாமோவாக அல்ல. அந்த ஏழாவது ஆட்டத்தைக் கனடா 4-3 என்று வென்றது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது விழுந்த வெற்றிக் கோல், மறுபடியும் ஹெண்டர்சனுடையது.

வெற்றியை மதிக்கிறவர்கள் அந்த அடியையும் கணக்கில் சேர்த்தே மதிக்கவேண்டும். ஒரு தேசத்தின் மேன்மையை நிலைநாட்டுவதற்காக, இன்னொரு தேசத்தின் ஈடற்ற கலைஞன் ஒருவனுடைய காலை முடமாக்க நேர்ந்தது என்றால், மேன்மை என்ற சொல்லுக்கே அங்கே களங்கம் ஏற்பட்டுவிடுகிறது.

* * *

செப்டம்பர் 28

இப்போது கணக்கு மூன்றுக்கு மூன்று, சமநிலை ஒன்று. எல்லாம் எட்டாவது ஆட்டத்தில் வந்து நின்றது.

கனடாவில் அது வியாழக்கிழமைப் பகல் வேளை. அலுவலகங்களில் வேலை நின்றது. பள்ளிக்கூட வகுப்பறைகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்து, பாடங்களை ஒத்திவைத்துவிட்டு, ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்தார்கள்.

ஆட்டம் தொடங்குமுன்பே நடுவர்களைப் பற்றித் தகராறு. தொடங்கிய சில நிமிஷத்திலேயே, தமக்குக் கிடைத்த பெனால்ட்டியால் வெகுண்ட கனடிய வீரர் பாரிசே, மேற்கு ஜெர்மானிய நடுவரான கொம்பல்லாவை நோக்கி மட்டையை ஓங்கிவிட்டு, அடிக்காமல் கடைசிக் கணத்தில் நிறுத்திக்கொண்டார், களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். முதற்பகுதி 2-2. இரண்டாம் பகுதி முடிவில் சோவியத் குழு 5-3 என்று முன்னணியில் இருந்தது.

மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் எஸ்பொசிட்டோ ஒரு கோலைத் திருப்பினார். பதின்மூன்றாவது நிமிஷம் முடியும் தறுவாயில் கூர்னோயே இன்னொன்றைப் போட்டார். 5-5.

ஆனால் கோல் விழுந்ததும் எரியவேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. கோலை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று பதறிய ஆலன் ஈகிள்சன் (இத்தொடரை ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர்) தம் ஆசனத்திலிருந்து அதிகாரிகளை நோக்கிப் பாய்ந்தார். காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டனர். அதைக் கண்ட பீட்டர் மகோவ்லிச் மட்டையுடன் பக்கப் பலகையைத் தாண்டிப் போய் அவரை மீட்க, கனடிய வீரர்கள் அவரைப் பனித்தரையின் குறுக்கே நடத்தித் தங்கள் பக்கத்திற்குக் கொண்டுவந்தார்கள். கோல் செல்லுபடியாயிற்று.

அப்போது சோவியத் தரப்பிலிருந்து ஒரு சேதி வந்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தால், மொத்தக் கோல்களில் தாங்களே அதிகம் என்பதால், தொடரின் வெற்றியைத் தாங்களே கோருவார்கள்!

கடைசி நிமிஷம். பெஞ்சியில் இருந்த ஹெண்டர்சனுக்கு, காரணம் தெரியாத ஓர் உந்துதல். வழக்கமாகப் பயிற்சியாளர்தான் ஆளை மாற்றுவார். ஆனால் அவர் எழுந்து நின்று, களத்தில் இருந்த பீட்டர் மகோவ்லிச்சைப் பெயர் சொல்லிக் கூவி அழைத்தார். மகோவ்லிச் திரும்பி வந்தார். ஹெண்டர்சன் களத்தில் குதித்து நேரே கோலை நோக்கிப் பாய்ந்தார்.

கூர்னோயே தள்ளிய வட்டு அவருக்குப் பின்னால் போயிற்று. அதை எட்டிப் பிடிக்க முயன்ற ஹெண்டர்சன் இடறி விழுந்து, கோலுக்குப் பின்னாலுள்ள பலகையில் போய் மோதினார். அதோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் வட்டைச் சோவியத் வீரர்கள் அப்புறப்படுத்துவதற்குள் எஸ்பொசிட்டோ அதைக் கோலை நோக்கித் தட்டிவிட்டார். திரெத்யாக் தடுத்தார். அதற்குள் எழுந்து கோலின் முன்னால் வந்துவிட்ட ஹெண்டர்சன், திரும்பி வந்த வட்டை அடித்தார். திரெத்யாக் அதையும் தடுத்தார். ஆனால் அந்தத் தடுப்பில் அவர் தரையில் சாய்ந்துவிட்டார். வட்டு மீண்டும் ஹெண்டர்சனின் மட்டைக்கே வந்தது. சாய்ந்து கிடந்தவரைத் தாண்டி அதை அவர் உள்ளே தள்ளினார்.

கடிகாரத்தில் எஞ்சியிருந்தது முப்பத்துநான்கு விநாடி.

* * *

கணக்குப் புத்தகம் சொல்வது

கனடாவுக்கு வெற்றி நான்கு, சோவியத் குழுவுக்கு மூன்று, சமநிலை ஒன்று. கனடா போட்ட கோல்கள் 31. சோவியத் குழு போட்டவை 32.

இந்த இரண்டு வரிகளையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். வெற்றி ஒருவருக்கும் கோல் மற்றவருக்கும் அதிகமாக இருக்கிறது. ஹெண்டர்சன் பெஞ்சியிலேயே அமர்ந்திருந்தாலோ, கார்லாமோவின் கணுக்கால் நலமாக இருந்திருந்தாலோ முடிவு வேறாகியிருக்கக்கூடும். பாபி ஓரும் பாபி ஹல்லும் ஆடியிருந்தாலும் அப்படித்தான். இவ்வளவு நூலிழையில் தொங்கும் ஒன்றை எவரும் ஆதிக்கம் என்று சொல்ல முடியாது.

ஆகவே என் அபிப்பிராயத்தில், 1972ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கனடா தன் ஆதிக்கத்தை நிரூபிக்கவில்லை. சோவியத் குழுவும் நிரூபிக்கவில்லை. எதிராளி களத்தில் இல்லாதபோது மட்டுமே ஆதிக்கம் என்ற பேச்சுக்கு இடமுண்டு என்பதையே அந்த எட்டு ஆட்டங்களும் நிரூபித்தன. முப்பது கோல் வித்தியாசத்தில் வென்ற கனடாவின் பழைய பதக்கங்களும், ஒன்பது ஆண்டு தொடர்ந்த சோவியத் பட்டங்களும், தக்க எதிரியைச் சந்திக்காத வெற்றிகளே.

இதைத் தோற்றவர்களும் வென்றவர்களும் ஒருவாறு உணர்ந்தார்கள். கனடியப் பயிற்சியாளர்கள், கேலி செய்த சோவியத் பயிற்சி முறையைப் படிக்கத் தொடங்கினார்கள். சோவியத் தரப்பினர், கோலின் முன்னால் விழுந்தும் எழுந்தும் போராடும் கனடியப் பிடிவாதத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஆசிரியனும் மாணவனும் இடம் மாறிக்கொண்டே இருந்த அந்தக் கல்வியில்தான் இன்றைய ஐஸ் ஹாக்கி பிறந்தது.

ஆனால் மாஸ்கோ அந்தத் தோல்வியை மறக்கவில்லை. 1979ஆம் ஆண்டு பிப்ரவரியில், நியூயார்க் நகரில், தேசிய ஹாக்கி லீகின் தேர்ந்தெடுத்த வீரர்களுடன் மோதிய மூன்று ஆட்டத் தொடரை, கடைசி ஆட்டத்தில் 6-0 என்று வென்று, சோவியத் குழு கைப்பற்றியது. தொழில்முறை வீரர்களையே அவர்களுடைய களத்தில் துடைத்தெறிந்த பிறகு, இனி உலகில் எதிரியே இல்லை என்று தோன்றிற்று.

ஓராண்டு கழித்து, 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி, அதே நியூயார்க்கில், அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து திரட்டப்பட்ட இளைஞர்களை அந்தக் குழு 10-3 என்று நசுக்கியது. கனடியரும் அல்லாத, தொழில்முறை வீரரும் அல்லாத அந்த இளைஞர்கள், பதின்மூன்றே நாள் கழித்து, லேக் பிளாசிட் என்னும் மலையூரில், ஒலிம்பிக் களத்தில், மீண்டும் அதே குழுவைச் சந்திக்கவேண்டியிருந்தது.

உலகின் இரு சக்கரவர்த்திகளைப் பற்றியே இதுவரையில் பேசிவந்தோம். மூன்றாவது ஒருவன் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும்? பத்துக்கு மூன்று என்று தோற்ற பிள்ளைகளிடம், அந்தப் பதின்மூன்று நாட்களில், அவர்களுடைய பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் எதை மாற்றினார்?

(அடுத்த இதழில்)